பிளஸ் பத்துக் கண்ணாடியும் ஒரு துவாரமும்

கண்புரை நீக்கும் சிகிச்சையில் மங்கிப்போன வில்லையை வெளியே எடுத்துவிட்டு, அதற்கு ஈடாகக் கண்ணுக்குள் வேறொன்றையும் வைக்காமல், தடித்த மூக்குக் கண்ணாடி ஒன்றைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. ஊரார் சோடாபுட்டி என்று சொன்ன அந்தக் கண்ணாடி பெரும்பாலும் ‘பிளஸ் பத்து’ பவர் கொண்டதாயிருக்கும். அதாவது ஒரு மீட்டரைப் பத்தால் வகுத்தால் வருகிற நூறு மில்லிமீட்டரே அதன் குவிதூரம். உடன்குடியில் ஸ்டூடியோ வைத்து, கல்யாணப் படமும் பள்ளிக்கூடக் குழுப்படமும் எடுத்து ஜீவனம் நடத்திய எனக்கு, நூறு மில்லிமீட்டர் என்ற அளவு காதில் விழுந்த மாத்திரத்தில் முகப்படத்துக்கு உகந்த காமிரா வில்லை ஒன்று மனத்தில் தோன்றிவிடும். அது மூக்குக் கண்ணாடியாக இருப்பதைப் பற்றி எனக்கு எந்த ஆக்ஷேபமும் இருந்ததில்லை.

மதுரையில் 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை 1988இல் திருநெல்வேலிக்கும் வந்தது. 1992இல் அதன் சார்பில் ஆரோலேப் என்ற தொழிற்கூடம் மதுரையிலேயே கண்ணுக்குள் வைக்கும் வில்லைகளைச் செய்யத் தொடங்கி, ஏழைகளும் வாங்கக்கூடிய விலைக்கு அவற்றைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பிளஸ் பத்துக் கண்ணாடிகள் கொஞ்சங்கொஞ்சமாக மூக்கைவிட்டு இறங்கிப் பெட்டிகளுக்குள் போய்ச் சேர்ந்தன. முதல் கண்ணுக்குப் பழைய முறையிலும், சில வருஷங்கள் கழித்து மறு கண்ணுக்குப் புது முறையிலும் சிகிச்சை பெற்ற ஆச்சி ஒருத்தி, தன் பழைய கண்ணாடியை என் மேஜைமேல் வைத்து, “கண்ணுக்குள்ளயே கண்ணாடிய வச்சுட்டாவ, இது எதுக்குய்யா எனக்கு? நீயே வச்சுக்கோ” என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் கட்டிய வில்லைகளில் பெரும்பாலானவை இவ்விதம் வந்து சேர்ந்த கண்ணாடிகளைக் கொண்டே செய்யப்பட்டவை.

மூக்குக் கண்ணாடியைக் காமிராவில் பொருத்துவது விளையாட்டுப் பிள்ளைகள் செய்யும் காரியம் என்று நினைப்பவர்களுக்குச் சரித்திரத்தை ஞாபகப்படுத்த விரும்புகிறேன். வில்லியம் ஹைட் வொல்லஸ்டன் என்ற ஆங்கில விஞ்ஞானி 1804இல், ஒருபுறம் குழிந்தும் மறுபுறம் புடைத்தும் இருக்கும் பிறைவடிவ வில்லை மூக்குக் கண்ணாடிக்கு மிகவும் ஏற்றது என்று எடுத்துக் காட்டினார். ஓரத்தின் வழியாகப் பார்த்தாலும் காட்சி கெடாது என்பதே அவர் கண்ட விசேஷம். 1812இல் அதே வில்லையை, ஓவியர்கள் பிம்பம் விழச்செய்து வரைவதற்கு வைத்திருந்த இருட்டுப்பெட்டியில் பொருத்தி, அதன் குழிந்த பக்கத்தை வெளியுலகத்தை நோக்கித் திருப்பி, முன்னால் சற்றுத் தள்ளி ஒரு துவாரமிட்ட தகட்டையும் வைத்தார். டாகேர் தம் புகைப்பட முறையை உலகுக்கு அறிவித்தது 1839இல். ஆகவே, புகைப்படம் பிறப்பதற்கு 27 ஆண்டுகளுக்கு முன்பே அதற்குரிய வில்லை, மூக்குக் கண்ணாடிக்காரரின் பட்டறையிலிருந்து புறப்பட்டுக் காத்துக்கொண்டிருந்தது. 1900இல் கோடக் கம்பெனி ஒரு டாலருக்கு விற்ற பிரவுனிப் பெட்டிக் காமிராவிலும் இருந்தது ஒற்றை வில்லைதான். பரோடாவில் செய்யப்பட்டு, 120 பிலிமில் பன்னிரண்டு சதுரப் படங்கள் எடுத்த அக்பா கிளிக் 3 காமிராவைக் கையில் பிடித்துத் தொழிலுக்கு வந்த என் தலைமுறைக்கு, எளிய வில்லை என்ன தரும், என்ன தராது என்பது அனுபவத்திலேயே தெரியும்.

இத்தனை வருஷப் பரிசோதனையில் நான் கண்ட சித்தாந்தத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கண்ணாடியைவிடத் துவாரமே முக்கியம். எவ்வளவு பெரிய துவாரம் என்பது பாதி விஷயம். அது கண்ணாடிக்கு எந்தப் பக்கத்தில், எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதே மறுபாதி. இந்த இரண்டையும் அறிந்தவன் கையில் பழைய மூக்குக் கண்ணாடியும் உயர்ந்த கருவியாகிவிடும்; அறியாதவன் கையில் உயர்ந்த கண்ணாடியும் வெறும் கண்ணாடியே.

முதலில் அளவை எடுத்துக்கொள்வோம். கோளவடிவில் தேய்க்கப்பட்ட எந்தக் குவிவில்லையிலும், ஓரத்தில் விழும் கிரணங்கள் நடுவில் விழும் கிரணங்களைவிட முன்னதாகவே கூடிவிடுகின்றன. அதனால் ஒரு புள்ளியின் பிம்பம் புள்ளியாக நில்லாமல், நடுவில் கூர்மையும் சுற்றிலும் ஒளிப்பரிவட்டமுமாக விழுகிறது. துவாரத்தின் விட்டத்தைப் பாதியாக்கினால் இந்தப் பரிவட்டம் பாதியாகக் குறையும் என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அது எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. பிளஸ் பத்து வில்லைக்கு முன் 25 மில்லிமீட்டர் துவாரம் வைத்தால், குவிதூரம் அதைப்போல் நான்கு மடங்கு என்பதால், எஃப் 4; முகத்தின் மேல் பனிப்படலம் படர்ந்த படம் கிடைக்கும். 12 மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட துவாரம் எஃப் 8. படலம் விலகி உரு தெளிகிறது. 6 மில்லிமீட்டர் துவாரத்தில் ஏறத்தாழ எஃப் 16. அப்போது நடுப்பகுதியில் பனையோலையின் நுனிகளைத் தனித்தனியாக எண்ணலாம். எங்கள் ஊரில் வில்லையைச் சோதிப்பதற்கு அச்சிட்ட கோட்டுப் படங்கள் எதுவும் தேவையில்லை. வெள்ளை வானத்தின்முன் நிற்கும் பனையின் தலையைவிடக் கடுமையான பரீக்ஷகர் வேறு யாருமில்லை. கூர்மை குறைந்தால் ஓலைகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். நிறப்பிழை இருந்தால் ஒவ்வோர் ஓலையின் ஓரத்திலும் ஊதாக் கரை கட்டிவிடும்.

இனித் துவாரத்தின் இடம். சிகிச்சைக்குப்பின் கொடுத்த கண்ணாடிகளில் பல, எடையைக் குறைப்பதற்காக நடுப்பகுதி மட்டும் வட்டமாகப் புடைத்து, சுற்றுப்பகுதி தட்டையாக விடப்பட்டவை. புடைத்த வட்டத்தின் பின்புறமும் அநேகமாகத் தட்டை என்றே சொல்லலாம், குழிவு மிகக் குறைவு. இப்படிப்பட்ட வில்லையைத் தூரத்துக் காட்சியை நோக்கி இரண்டு விதமாகத் திருப்பலாம். புடைத்த பக்கத்தை வெளியே காட்டினால் நடுப்பகுதியின் கூர்மை அதிகம்; தட்டைப் பக்கத்தை வெளியே காட்டினால் கிரணங்கள் முன்பின்னாகக் கூடும் குறை ஏறத்தாழ நான்கு மடங்காகிவிடும். இதைமட்டும் படித்தவர்கள் புடைத்த பக்கமே வெளியே இருக்கவேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். ஆனால் அப்படி வைத்து எடுத்த படத்தில், நடுவைவிட்டு நகர்ந்த மாத்திரத்தில் எல்லாம் சுழன்று கரைந்துபோவதைக் காணலாம். தட்டைப் பக்கத்தை வெளியே திருப்பி, சிறு துவாரத்தை அதற்கு முன்னால் தக்க தூரத்தில் நிறுத்தினால், நடுவில் கொஞ்சம் இழந்து, ஓரம் முழுவதையும் மீட்டுக்கொள்கிறோம். ஒவ்வொரு திசையிலிருந்தும் வருகிற ஒளிக்கற்றை வில்லையின் எந்தப் பகுதி வழியாகச் செல்லவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அந்தத் துவாரம். கெட்டுப்போகும் கிரணங்களை வெளியே நிறுத்திவிட்டு, ஒன்றுபடக்கூடிய கிரணங்களை மட்டும் உள்ளே அனுப்புகிறது. குழிவு நன்றாக உள்ள பிறைவில்லையானால் விதி இன்னும் எளிது: குழிந்த முகம் எப்போதும் துவாரத்தைப் பார்த்திருக்க வேண்டும், துவாரம் முன்னால் இருந்தாலும் சரி, பின்னால் இருந்தாலும் சரி.

தக்க தூரம் எது என்று கேட்டால், குவிதூரத்தில் ஆறில் ஒரு பங்குக்கும் எட்டில் ஒரு பங்குக்கும் இடையில் தேடத் தொடங்குங்கள் என்பேன். மிச்சத்தைக் கண்ணே சொல்லிவிடும். இதற்காக நான் ஒன்றுக்குள் ஒன்று நழுவும் இரண்டு குழாய்களைப் பயன்படுத்தினேன். ஆரம்பத்தில் ஜவுளிக்கடைகளில் துணி சுற்றிவந்த அட்டைக் குழாய், பிற்பாடு பி.வி.சி. குழாய். உள்குழாயின் முனையில் துவாரத் தகடு, வெளிக்குழாயில் வில்லை. தேய்த்த கண்ணாடித் திரையில், மூலையில் விழும் பனந்தலையைப் பார்த்துக்கொண்டே உள்குழாயை மெல்ல இழுத்துவந்தால், ஓரிடத்தில் மூலை சட்டென்று கூடிவரும். அங்கேயே அடையாளமிட்டு ஒட்டிவிட வேண்டும். துவாரத்தை நகைவேலை செய்யும் ஆசாரி ஒருவர் மெல்லிய பித்தளைத் தகட்டில் போட்டுத் தருவார். ஓரம் பிசிறின்றி இருக்க வேண்டுமென்பதில் அவர் என்னைவிடக் கண்டிப்பு. குழாயின் உட்புறம் முழுவதும் பளபளப்பில்லாத கறுப்பு: விளக்குக் கரியைக் கோந்தில் குழைத்துப் பூசுவது போதும்.

கறுப்புப் பூச்சைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் எங்கள் கடற்கரை வெளிச்சம். முள்ளக்காட்டிலோ ஆறுமுகநேரியிலோ உப்பளத்தின் நடுவில் உச்சிவேளையில் நின்றவர்களுக்கே அந்த வெளிச்சம் எப்படிப்பட்டதென்று தெரியும். வானத்திலிருந்து வருவதைப் போலவே தரையிலிருந்தும் ஒளி எழும்பிவரும். அங்கேதான் ஒற்றை வில்லை தன் உத்தம குணத்தைக் காட்டுகிறது. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கைத் திருப்பியனுப்பிவிடுகிறது. 1893இல் ஹரால்ட் டென்னிஸ் டெய்லர் இங்கிலாந்தில் வகுத்த மூன்று வில்லைக் கூட்டணியில் காற்றைத் தொடும் பரப்புகள் ஆறு. அவற்றுக்கிடையே மோதித் திரும்பும் ஒளி, நிழல்களின்மேல் சாம்பல் பூசிவிடும். இந்தத் தொல்லையை ஒழிப்பதற்காகவே பின்னாளில் வில்லைகளுக்கு மேற்பூச்சு வந்தது. ஒற்றை வில்லைக்கோ பரப்புகள் இரண்டே இரண்டு. நல்ல நிழற்கூடு ஒன்றை முன்னால் மாட்டி எஃப் 16இல் எடுத்தால், உப்புக்குவியலின் வெண்மையும், அதைச் சுமந்துசெல்லும் பெண்ணின் முகத்து நிழலும் ஒரே படத்தில் கெடாமல் நிற்கின்றன. விலையுயர்ந்த பழைய வில்லைகள் சில இதே இடத்தில் கைவிட்டதை நான் கண்டிருக்கிறேன்.

நிறம் சம்பந்தமான சங்கடம் வேறு வகையானது. சாதாரண மூக்குக் கண்ணாடியில் நீல ஒளி, மஞ்சள் ஒளியைவிட வில்லைக்கு அருகிலேயே கூடிவிடுகிறது. திரையில் நம் கண் கூர்மை பார்ப்பது மஞ்சளிலும் பச்சையிலும்; படமெடுக்கும் தாள் நீலத்தை மட்டுமே அறியும் என்றால், கண்ணுக்குக் கூர்மையாயிருந்தது தாளில் மங்கிவிடும். ஆதிகாலத்துப் படப்பிடிப்பாளர்களைத் திகைக்கவைத்த இந்த விஷயத்துக்கு அவர்கள் கண்ட பரிகாரம், கண்ணால் கூர்மை பார்த்தபின் குவிதூரத்தில் நாற்பதில் ஒரு பங்கு அளவுக்குத் தட்டை வில்லைப்பக்கம் நகர்த்துவது. பிரிண்ட் போடும் தாளையே நெகட்டிவாக வைத்துப் படமெடுப்பவர்களுக்கு இன்றும் இதே விதிதான்: பிளஸ் ஐந்து வில்லையானால், 200 மில்லிமீட்டரில் நாற்பதில் ஒன்று, ஐந்து மில்லிமீட்டர். கறுப்புவெள்ளைப் பிலிமில் எடுப்பவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழியுண்டு. அடர்மஞ்சள் பில்டர் ஒன்றைப் போட்டு நீலத்தைத் தடுத்துவிட்டால், கண் பார்த்த கூர்மையே பிலிமிலும் விழும். குதிரைமொழித் தேரியில் இந்த பில்டருக்கு இன்னொரு பிரயோஜனமும் இருந்தது. சிவப்பை அறியாத பழைய பிலிமில் அந்தச் செம்மணல் மேடுகள் கருமணலாகிவிடும். எல்லா நிறமும் அறியும் பிலிமும் மஞ்சள் பில்டரும் சேர்ந்தால், வானம் ஒருபடி இறங்கி, தேரி தன் இயல்பான ஒளியோடு எழுந்து நிற்கும்.

பிம்பம் விழும் தளம் தட்டையானதன்று, கிண்ணத்தின் உட்புறம் போன்றது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். பழைய பெட்டிக் காமிராக்கள் சிலவற்றில் பிலிமையே வளைத்து ஓடவிட்டது இதற்காகத்தான். பெட்டியின் பின்புறத்தில் பெரிய குழாயின் துண்டொன்றை வைத்து அதன் குழிவில் தாளைப் படியவிட்டால், படத்தின் இரு ஓரங்களும் கூர்மையடைகின்றன. மேலும் கீழும் அப்படியேதான் இருக்கும், ஏனெனில் தாள் ஒரு திசையில்தான் வளையும்.

ஒற்றை வில்லைக்கு அடுத்த படி இரட்டை. பிளஸ் ஐந்து பிறைவில்லைகள் இரண்டை, குழிந்த முகங்கள் ஒன்றையொன்று பார்க்க, நடுவில் துவாரத்தை வைத்து 20 மில்லிமீட்டர் இடைவெளியில் நிறுத்தினால், 105 மில்லிமீட்டர் குவிதூரமுள்ள கூட்டுவில்லை கிடைக்கிறது. 1865இல் ம்யூனிக் நகரத்து ஸ்டைன்ஹைல் கம்பெனி ‘பெரிஸ்கோப்’ என்ற பெயரில் விற்றது இந்த அமைப்பையே. முன்வில்லை செய்யும் வளைவைப் பின்வில்லை நிமிர்த்திவிடுவதால் நேர்கோடுகள் நேராகவே நிற்கின்றன. மணப்பாட்டு மணற்குன்றின்மேல் 1581இல் எழுந்த திருச்சிலுவை ஆலயத்தை ஒற்றை வில்லையில் எடுத்தால், படத்தின் ஓரத்தில் விழும் சுவர் சற்றே வளையும். இரட்டை வில்லையில் கட்டடம் கட்டியவன் கட்டியபடியே நிற்கும். கட்டடப் படத்துக்கு இதைவிடக் குறைந்த செலவில் இதைவிட நேர்மையான வில்லை கிடையாது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

தூத்துக்குடியில் பழைய கப்பல் சாமான் விற்கும் கடைகளில் உடைந்த பைனாகுலர்கள் அகப்படும். அவற்றின் முன்வில்லை, இருவேறு கண்ணாடிகளை ஒட்டி நிறப்பிழையைத் திருத்திச் செய்யப்பட்டது, கூர்மைக்குக் குறைவில்லை. ஆனால் அது குறுகிய கோணத்தில் தூரத்தைப் பார்ப்பதற்கென்றே பிறந்தது. துறைமுகத்தில் நிற்கும் தோணிகளின் பாய்மரத்துக்கு உதவும், முகத்துக்கு உதவாது.

முகத்துக்கு உகந்தது பிளஸ் பத்துதான். அதுவும் துவாரத்தை அகலத் திறந்துவைத்த பிளஸ் பத்து. கல்கத்தாவில் 1815இல் பிறந்து, இங்கிலாந்தில் புகைப்படக் கலைஞராகப் பேர்பெற்று, கடைசிக் காலத்தில் இலங்கைக்கு வந்து தோட்டத் தொழிலாளர்களையும் படமெடுத்து, 1879இல் அங்கேயே காலமான ஜூலியா மார்கரெட் காமிரனை அவருடைய காலத்து விமரிசகர்கள், கூர்மை பார்க்கத் தெரியாதவர் என்று தூற்றினார்கள். அவருடைய முகப்படங்களை அச்சில் பார்த்தபோது, எந்த இடத்தில் கூர்மையை நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவரின் வேலை என்றே எனக்குப் பட்டது. ஆயினும், மங்கலெல்லாம் கலை என்று கொண்டாடும் இன்றைய மோஸ்தரோடு நான் உடன்படுவதில்லை. வெறும் மங்கல் வேறு, கூர்மையின்மேல் படியும் ஒளிப்படலம் வேறு. முதலாவதில் கண்மணியே காணாது, இரண்டாவதில் கண்மணி தெளிவாயிருந்து சுற்றிலும் ஒளி கசிந்திருக்கும். எளிய வில்லையில் இந்த இரண்டாவதைப் பெறுவதற்கு, நினைத்த துவாரத்திலேயே கூர்மையும் பார்க்க வேண்டும்; சிறு துவாரத்தில் கூர்மை பார்த்துப் பின் அகலத் திறந்தால் கூர்மைத்தளம் நகர்ந்துவிடும்.

பதநீர் காய்ச்சும் காலத்தில் உடன்குடியைச் சுற்றியுள்ள விடிலிகளில், அதாவது கருப்பட்டி காய்ச்சும் குடிசைகளில், நான் எடுத்த படங்களே இதற்கு நான் காட்டக்கூடிய சாட்சி. ஓலைக்கூரையின் இடுக்குகளில் வெயில் ஊசியாய் இறங்கும். கருப்பட்டிப் பாகின் ஆவியும் அடுப்புப் புகையும் உள்ளே நிறைந்திருக்கும். பாகைக் கிண்டும் அம்மாளின் நெற்றியில் வியர்வை மின்னும். எஃப் 4இல் திறந்த பிளஸ் பத்து, அந்த ஒவ்வொரு மின்னலையும் சுற்றி ஒரு சிறு பரிவட்டத்தைப் போட்டு, முகத்தின் சுருக்கங்களை அழிக்காமலே மென்மையாக்கிவிடுகிறது. விலைகூடிய கூர்வில்லையில் எடுத்த அதே முகத்தில் உழைப்பு தெரிந்தது; இதில் உழைத்தவள் தெரிந்தாள். மன்னார் வளைகுடாவில் அரசாங்கம் கடைசியாக நடத்திய தூத்துக்குடி முத்துக்குளிப்பு 1961இல். அதில் மூழ்கிய முதியவர் ஒருவரையும் இதே வில்லையில் எடுத்தேன். படத்தைத் தம் பேரன் கல்யாணத்துக்குச் சட்டமிட்டு மாட்டினார் என்பதே அதற்குக் கிடைத்த பாராட்டு.

கண்ணாடியைத் தேய்ப்பதைப் பற்றியும் இரண்டு வார்த்தை. குழாய்க்குள் பொருந்த வில்லையை வட்டமாக்குவதற்கும், கீறல் விழுந்த முகத்தை மெருகேற்றுவதற்கும் மூக்குக் கண்ணாடிக் கடை அண்ணாச்சி ஒருவரிடம் போய் நிற்பேன். முதலில் எமரித் தூள், பிறகு மெருகுக்குச் செந்தூள்; பிற்காலத்தில் செந்தூளின் இடத்தை சீரியம் ஆக்ஸைடு பிடித்துக்கொண்டது. அந்தச் சீரியம், மோனசைட் என்ற மணலில் மிகுதியாக உள்ள உலோகம். மோனசைட்டோ, கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலிலிருந்து மத்திய அரசின் நிறுவனத்தால் பிரித்தெடுக்கப்படுவது. எங்கள் குலசேகரன்பட்டினத்துக் கரையில் அலை வடிந்தபின் செந்நிறக் கீற்றாகத் தங்குவதும் கார்னெட் என்ற தேய்ப்புக் கனிமமே. கண்ணாடியைத் தேய்க்கும் பொருளும் மெருகேற்றும் பொருளும் நம் கரையிலேயே கிடக்கின்றன. காவலூர் வானாய்வகத்தில் 1986இல் நிறுவப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியின் கண்ணாடி, பெங்களூரில் இந்திய வான்இயற்பியல் நிறுவனத்தின் பட்டறையில் நம்மவர்களாலேயே தேய்த்து மெருகேற்றப்பட்டது. அத்தகைய காரியத்துக்கும் ஒரு சிறுவன் கண்ணாடியைத் தேய்த்துத் திரை செய்வதற்கும் உள்ள வித்தியாசம் அளவிலே மட்டுமே.

இப்போது பிலிம் அருகிவிட்டது. ஆனால் எளிய வில்லைக்கு இதைவிட நல்ல காலம் இருந்ததில்லை. உள்ளே மடங்கும் ஆடியில்லாத இன்றைய டிஜிட்டல் காமிராவில் ஒரு மூடியைத் துளைத்துக் குழாயை ஒட்டினால் போதும். துவாரத்தை நகர்த்தும்போது மூலை கூடிவருவதை அந்த க்ஷணமே திரையில் காணலாம். நான் ஈரத் தாளைத் தொங்கவிட்டுக் காத்திருந்து கற்றதை ஒரு மாணவன் ஒரு மாலைப்பொழுதில் கற்றுவிடுவான். பள்ளிக்கூடத்துப் பௌதிகப் புத்தகத்தில் குவிவில்லையின் படம் இருக்கிறது. துவாரத்தின் படம் இல்லை. ஆகையால் ஆசிரியர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: வில்லையைக் காட்டுகிற அன்றைக்கே, கறுப்பு அட்டையில் ஒரு துவாரத்தையும் போட்டு, அதை முன்னும் பின்னும் நகர்த்திக் காட்டுங்கள். சூரியனை எந்த வில்லை வழியாகவும் கண்ணால் பார்க்கக்கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். வீட்டுப் பெட்டியில் தாத்தாவின் சோடாபுட்டிக் கண்ணாடி வைத்திருப்பவர்கள் அதை எறிந்துவிட வேண்டாம். பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பௌதிக ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.